‘இன்று வேண்டாம்’ என்று சொன்னவர்களுக்கு நன்றி

சென்னையை அடுத்த கோவளத்து மீனவப் பெருமக்களுக்கும், எங்கள் நீச்சல் பயிற்றுநருக்கும், மருத்துவருக்கும், கோவாவில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகுகளில் எங்கள் அருகே மிதந்துகொண்டிருந்த முகமறியாத தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

சென்னையில் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் வங்கிகளிலும் வேலை பார்க்கும் நாங்கள், கோவாவின் மிராமர் கடற்கரையில் நடைபெறும் அயர்ன்மேன் 70.3 போட்டியில் கலந்துகொண்டு ஊர் திரும்பியிருக்கிறோம். 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம் என்பது அந்தப் போட்டியின் வரிசை. பின்னிரண்டும் எங்களுக்குப் பழகியவை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியுமுன் சைக்கிள் ஓட்டுவதும், ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுந்தூரம் ஓடுவதும் ஆண்டுக்கணக்காக நடந்து வருகின்றன. நீச்சல் அப்படியல்ல. 1994ஆம் ஆண்டு குற்றாலீசுவரன் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் பாக் நீரிணையில் தொடங்கி ஓராண்டுக்குள் ஆறு கடற்பகுதிகளை நீந்திக் கடந்து நீச்சல் வீரர் மிஹிர் சென்னின் சாதனையை முறியடித்தபோது, ஏறத்தாழ அவன் வயதிலேயே இருந்த எங்களில் பலர் செய்தித்தாளில் அவன் படத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்தோமே தவிர, தண்ணீரில் இறங்கவில்லை. கடற்கரை நகரத்தில் வளர்ந்தும், கால் நனைப்பதற்கு மேல் கடலோடு எங்களுக்கு உறவில்லாமலே இருந்தது. நாற்பதை நெருங்கும் வயதில்தான் நீச்சல் குளத்தில் முகத்தை அமிழ்த்தக் கற்றோம்.

எங்களை ஊக்கப்படுத்தியவர்கள் ஏராளம். அவர்களுக்கு நேரில் நன்றி சொல்லி, சிலரது வீட்டில் விருந்தும் உண்டாயிற்று. இந்த மடல் முதன்மையாக எங்களைத் தடுத்து நிறுத்தியவர்களுக்கு எழுதப்படுகிறது. ‘உங்களால் முடியும்’ என்று சொல்வதற்குச் செலவு எதுவும் இல்லை. ‘இன்று வேண்டாம்’, ‘இன்னும் இல்லை’ என்று சொன்னவர்கள் ஒவ்வொருவரும் அதற்காக எதையோ இழந்தார்கள். ஒருவருக்கு வருமானம் போயிற்று, இன்னொருவர் எங்கள் முகச்சுளிப்பைத் தாங்கிக்கொண்டார்.

முதலில் எங்கள் பயிற்றுநர் அம்மையாருக்கு. இளம் வயதில் போட்டிகளில் நீந்தியவர், இப்போது பெரியவர்களுக்குக் கற்றுத் தருகிறார். ஃப்ரீஸ்டைலில் நாலைந்து சுற்றுகள் தொடர்ந்து போக முடிந்த உடனேயே கடலுக்குப் போக வேண்டும் என்று துடித்த எங்களுக்கு அவர் மூன்று நிபந்தனைகள் விதித்தார். சுவரைத் தொடாமல் 400 மீட்டர் நீந்த வேண்டும். கையைக் காலை அடிக்காமல் பத்து நிமிடம் மல்லாந்து மிதக்க வேண்டும். நீச்சல் கண்ணாடியை அவர் எதிர்பாராத நேரத்தில் பிடுங்கிவிட்டாலும் நிற்காமல் நீந்திக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றில் முதலாவதே கடினம் என்று எல்லோரும் நினைத்தோம். இரண்டாவதுதான் பலரை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தது. ஓடவும் மிதிக்கவும் பழகிய உடம்புக்கு, ஒன்றுமே செய்யாமல் தண்ணீரில் கிடப்பது எளிதில் கைவருவதில்லை. ஆனால் கடலில் கையெட்டும் தூரத்தில் சுவரும் கிடையாது, ஊன்றிக்கொள்ளத் தரையும் கிடையாது; இளைப்பாற வேண்டுமென்றால் மல்லாந்து மிதப்பது ஒன்றே வழி என்பதை அவர் முன்கூட்டியே அறிந்திருந்தார்.

மூச்சைப் பற்றி அவர் கற்பித்ததைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். புதிதாக நீந்துபவர் முகம் நீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார். பிறகு தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடிக்குள் உள்ளிருக்கும் காற்றை விட்டு, புதுக் காற்றையும் இழுக்க வேண்டியிருப்பதால் இரண்டுமே அரைகுறையாகின்றன. உடலில் கரியமில வாயு சேரச் சேர நெஞ்சு அடைப்பதுபோல் தோன்றி, பதற்றம் மேலேறி, கைவீச்சு வேகமெடுத்து, அதனால் மூச்சு இன்னும் வாங்குகிறது. நீருக்குள்ளேயே குமிழி குமிழியாகக் காற்றை விட்டுக்கொண்டே வந்தால் இந்தச் சுழலில் சிக்க மாட்டோம் என்பதைக் குளத்தின் ஆழமற்ற ஓரத்தில் எங்களை நிற்க வைத்துச் சிறுபிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே இருந்தார். வலப்பக்கம் மட்டும் மூச்செடுத்துப் பழகியவர்களை இடப்பக்கமும் பழகச் செய்தார். வலப்பக்கத்திலிருந்து அலை வரும் நாளில் அந்தப் பக்கம் வாயைத் திறந்தால் உப்பு நீர்தான் உள்ளே போகும் என்று அவர் சொன்னதன் பொருள் கடலில் இறங்கிய பிறகு எல்லோருக்கும் விளங்கியது.

எங்களில் ஒருவர் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிணறுகளில் குதித்து நீந்தி வளர்ந்தவர். தண்ணீரைக் கண்டு அஞ்சாத ஒரே ஆள் அவர்தான். ஆனால் தலையை நீருக்கு மேலே தூக்கியபடியே நீந்துவார். அதனால் கால்கள் தாழ்ந்து, இரண்டு சுற்றுக்குள் களைத்துவிடுவார். அவரது பழக்கத்தை அம்மையார் கேலி செய்யவில்லை. குளத்தில் இருப்பதுபோல் கடலின் அடியில் வழிகாட்டும் கறுப்புக் கோடு இருக்காது என்பதால் எட்டு அல்லது பத்து வீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் வெளியே வருமளவுக்குத் தலையைத் தூக்கித் திசை பார்த்தாக வேண்டும். அந்த வித்தையை மற்றவர்களுக்குக் காட்டும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார்.

போட்டியில் நீச்சலுக்குக் கொடுக்கப்படும் நேரம் 1 மணி 10 நிமிடம். அதை 1.9 கி.மீட்டருக்கு வகுத்தால் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 41 விநாடி வருகிறது. இந்தக் கணக்கை அவர் பலகையில் எழுதி வைத்திருந்தார். வேகமாகப் போக முயன்றவர்களை நிறுத்தி, விரலால் அந்த எண்ணைச் சுட்டிவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிடுவார். போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கையில் குளத்தில் தடம் பிரிக்கும் மிதவைக் கயிறுகளைக் கழற்றிவிட்டு, எங்களை நெருக்கமாக நீந்தவிட்டு, ஒருவர் கால் மற்றவர் தோளில் படுவதும் முழங்கை இடிப்பதும் பழகும்வரை விடவில்லை. கூட்டமாக நீரில் இறங்கும்போது இடிபடுவதால் வரும் திகில்தான் நன்றாக நீந்துபவரையும் குலைக்கும் என்பது அவர் கருத்து. கோவாவில் அது மெய்யாயிற்று. ஆனால் யாரும் குலையவில்லை.

குளத்தின் மேலாளருக்கும் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். பெண்களுக்கென்று ஒதுக்கப்படும் நேரம் பல குளங்களில் காலை பத்து மணிக்கு மேல் இருக்கிறது. வேலைக்குப் போகும் பெண் அந்த நேரத்தில் எப்படி வருவார் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. எங்கள் குழுவில் உள்ள பெண்கள் கேட்டுக்கொண்டதும் காலை ஐந்தரை மணிக்குக் கதவைத் திறந்து, அதற்காகத் தாமும் முன்கூட்டியே வந்து உட்கார்ந்தார் அவர்.

மருத்துவருக்கு எழுதும்போது சிலரது பழைய கோபத்தையும் சேர்த்தே குறிப்பிட வேண்டியிருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் சோதனைகளை முடித்துவிட்டு வந்தாலொழியச் சான்றிதழில் கையெழுத்திட மாட்டேன் என்று அவர் சொன்னபோது, மாரத்தான் ஓடுகிறவர்களுக்கு இது எதற்கு என்ற முணுமுணுப்பு எழுந்தது. அவர் அமைதியாக ஓர் ஆய்வை எடுத்துக் காட்டினார். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த) போட்டிகளில் நேர்ந்த இறப்புகளையும், இதயம் நின்று மீட்கப்பட்ட நிகழ்வுகளையும் தொகுத்தபோது மொத்தம் 135 கிடைத்தன; அவற்றில் 90 நீச்சல் பகுதியில் நேர்ந்தவை. பாதிக்கப்பட்டவர்களில் 85 விழுக்காட்டினர் ஆண்கள். சராசரி வயது நாற்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் குழுவின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதியதுபோல் இருந்தது அந்தப் பட்டியல்.

நீந்தும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஒரு நிலை உண்டு என்பதையும் அவரிடமிருந்தே அறிந்தோம். திடீர் இருமல், வேகத்தைக் குறைத்தாலும் குறையாத மூச்சிரைப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் நுரை ஆகியவை அதன் அறிகுறிகள். அவை தோன்றினால் அக்கணமே கையை உயர்த்தி நீரை விட்டு வெளியேற வேண்டும். சமாளித்துக்கொண்டு நீந்திவிடலாம் என்று எண்ணக் கூடாது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். சோதனையில் எங்கள் நண்பர் ஒருவருக்கு அதுவரை தெரியாதிருந்த ரத்த அழுத்தம் தெரியவந்தது. கட்டணம் கட்டி, விமானச் சீட்டும் வாங்கியிருந்த அவரை மருத்துவர் நிறுத்திவிட்டார். அந்த நண்பர் பல நாள் அவரோடு பேசவில்லை. இப்போது மாத்திரை எடுத்துக்கொண்டு, அழுத்தம் கட்டுக்குள் வந்து, அதே மருத்துவரின் மேற்பார்வையிலேயே குளத்துக்குத் திரும்பியிருக்கிறார். அவரது நன்றியையும் சேர்த்தே இங்கு பதிவு செய்கிறோம்.

இனி, கோவளத்து அண்ணனுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் அண்ணன் என்றே எழுதுகிறோம்.

கடலில் பயிற்சி செய்வது என்று முடிவானதும் எங்கே இறங்குவது என்ற கேள்வி வந்தது. மெரினாவில் குளிக்கவே காவல்துறை அனுமதிப்பதில்லை. அது சரியான தடை என்பதே எங்கள் எண்ணம். 2021இல், கடற்கரைகளின் தூய்மைக்கும் பாதுகாப்புக்குமான நீலக்கொடிச் சான்று பெற்ற கோவளத்தில் உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் கடலோரக் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டு, துணைப் படகுக்காக அங்குள்ள குப்பத்தில் விசாரித்தபோது அண்ணன் கிடைத்தார். பைபர் படகு வைத்திருப்பவர். இரவு வலை போட்டு வந்து, மீனை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு, வலையை உதறிக் காயப்போட்ட பிறகு எங்களுக்காகக் காத்திருப்பார். நாங்கள் செய்வது என்ன என்று விளக்கியபோது அவர் கேட்ட முதல் கேள்வி: “படகு இருக்கச்சொல்ல எதுக்கு சார் நீந்தணும்?” இதற்கு எங்களிடம் இன்றுவரை தக்க பதில் இல்லை.

கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் மணல் திட்டு இருக்கிறது. அலை அதன்மேல் ஏறி உடைகிறது. உடைந்து கரைக்கு வந்த நீர், திட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அதன் வழியாகக் கடலுக்குத் திரும்பி ஓடுகிறது. கரையில் நின்று பார்க்கும் புதியவர் கண்ணுக்கு, வெள்ளை நுரை இல்லாமல் சற்றுக் கறுத்து அடங்கிக் கிடக்கும் அந்த இடைவெளிதான் இறங்குவதற்கு ஏற்ற அமைதியான இடமாகத் தோன்றும். அண்ணன் முதல் நாள் எங்களை நீருக்குள் விடாமல் கரையில் உட்கார வைத்துக் காட்டியது இதைத்தான். தென்னங்குரும்பை ஒன்றை அந்த இடத்தில் எறிந்து, அது உள்ளே போகும் வேகத்தைப் பார்க்கச் சொன்னார். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தித் தெம்பை இழக்கக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலக வேண்டும். அதுவும் முடியாவிட்டால் மிதந்தபடி கையைத் தூக்க வேண்டும், மற்றதைப் படகு பார்த்துக்கொள்ளும். புத்தகங்களும் இதையே சொல்கின்றன. ஆனால் குரும்பை போன வேகத்தைக் கண்ணால் பார்த்த பிறகு யாருக்கும் அது மறக்கவில்லை. திட்டும் இடைவெளியும் நிலையானவை அல்ல என்பதால், போன வாரம் இறங்கிய இடத்திலேயே இந்த வாரமும் இறங்கலாம் என்று எண்ணக் கூடாது என்பதையும் அவர் அடிக்கடி நினைவூட்டினார்.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அங்கே கடல் நீரோட்டம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. அதை அவர்கள் வெள்ளம் என்கிறார்கள். போகும்போது வெள்ளத்தை எதிர்த்துத் தெற்கே, திரும்பும்போது அதன் போக்கில் வடக்கே என்பது அவர் வகுத்த விதி. களைத்த பிறகு எதிர்நீச்சல் போட நேரக் கூடாது என்பது காரணம். நாங்கள் கரைக்கு இணையாகச் செல்வோம். அவர் எங்களுக்கு அப்பால், ஆழ்கடல் பக்கமாகப் படகை மெதுவாக நகர்த்தி வருவார். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஆரஞ்சு நிற மிதவைப் பை கட்டப்பட்டிருக்கும். திசைக்குக் கரையில் தெரியும் தேவாலயத்தின் உச்சியையும் அதற்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பையும் அவர் அடையாளம் சொன்னார். கண்ணுக்கு நேரே உள்ள மிதவை அலையின் பள்ளத்தில் மறைந்துபோகும். உயரமாக நிற்பது மறையாது. தலையைத் தூக்குவதென்றால் அலையின் முகட்டில் இருக்கும்போது தூக்க வேண்டும், பள்ளத்தில் தூக்கினால் தண்ணீர்ச் சுவர்தான் தெரியும் என்பதையும் படகிலிருந்தே கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்தார்.

ஆனால் எங்கள் நன்றி எல்லாவற்றிலும் அதிகமாக உரியது, அவர் எங்களைக் கடலில் இறக்கிய நாட்களுக்கல்ல, திருப்பி அனுப்பிய நாட்களுக்கு. நாற்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்து, நீச்சலுடையும் போட்டு நிற்கும் கூட்டத்திடம், “இன்னைக்கு வேணாம் சார். கடல் கெட்டுக் கெடக்குது. ஊட்டுக்குப் போய்த் தூங்குங்க” என்று அவர் சொன்ன காலைகள் பல. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பைக் கைப்பேசியில் காட்டி எங்களில் சிலர் வாதாடியதுண்டு. அவரும் அதைப் பார்ப்பவர்தான். அது பெருங்கடலுக்குச் சொன்னது, எங்கள் குப்பத்து வாசலில் மணல் எப்படிக் கிடக்கிறது என்று அதில் வராது என்பார். நாங்கள் இறங்கிய நாட்களுக்குப் படகு வாடகையும் டீசல் காசும் வாங்கிக்கொண்டார். திருப்பி அனுப்பிய நாட்களுக்கு, எவ்வளவு வற்புறுத்தினாலும், ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. இரவு முழுக்கக் கடலில் இருந்துவிட்டு, தூக்கத்தை விட்டுக் காத்திருந்து, கையில் வரவிருந்த பணத்தைத் தாமே வேண்டாம் என்று சொல்வது என்பது என்னவென்று மாதச் சம்பளக்காரர்களான எங்களுக்கு முழுதாகப் புரியும் என்று சொல்ல முடியாது. சாகச விளையாட்டுகளை நடத்திக் காசு பார்க்கும் இடங்களில், வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் படகோட்டியிடம் இருக்கிறதா என்பதை இனி எங்கு போனாலும் முதலில் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

அண்ணனின் தமக்கையாருக்கும் தனி நன்றி. சொறிமீன் (ஜெல்லி மீன்) தீண்டி எங்கள் தோழி ஒருவர் அலறிக்கொண்டு கரையேறியபோது, பாட்டில் தண்ணீரை ஊற்றப் போனவரைத் தடுத்து, கடல் நீராலேயே கழுவச் செய்து, தேய்க்க விடாமல் ஒட்டியிருந்த இழைகளை எடுத்துவிட்டு, வீட்டிலிருந்து பொறுக்கும் சூட்டில் வெந்நீர் கொண்டுவந்து கையை அதில் வைத்திருக்கச் செய்தவர் அவர். அன்று அவர் கொடுத்த சூடான மீன் குழம்பும் சோறும் மருத்துவத்தில் சேராது என்றாலும் குறிப்பிடாமல் விட முடியவில்லை.

கோவளத்தின் உயிர்காப்பாளர்கள், அலைக்குள் எப்படி நுழைவது, எப்படி வெளியேறுவது என்பதைச் சொல்லித் தந்தார்கள். வரும் அலைக்கு மார்பைக் காட்டாமல் பக்கவாட்டில் நிற்பது, உடையும் அலையின் அடியில் மூழ்கி மறுபக்கம் எழுவது, கரையேறும்போது முதுகுப்புறம் பார்த்துக்கொண்டே வருவது ஆகிய மூன்றும் அவர்கள் கொடை.

மிராமர் கடற்கரை, மாண்டவி ஆறு அரபிக் கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டியது. கலங்கிய நீரில் நீட்டிய கை தெரியாது. நீர் வெதுவெதுப்பானது. குளிர்நாடுகளில் நீந்துபவர்கள் அணியும், உடலை மிதக்கவும் வைக்கும் தடித்த ரப்பர் உடையை இத்தகைய வெப்பத்தில் யாரும் நாடுவதில்லை. மிதப்பதற்கு நம் நுரையீரல்தான் துணை. நீச்சலின்போது கயாக்கைப் பிடித்து இளைப்பாற விதி இடம் தருகிறது. பிடித்தபடி முன்னேறக் கூடாது, அவ்வளவே. முதல் திருப்பத்துக்கு முன் மூச்சு முட்டிப் போன எங்கள் தோழர் ஒருவர் அப்படிப் பிடித்துக்கொண்டபோது, அந்தக் கயாக்கில் இருந்த இளைஞர் அவரை அவசரப்படுத்தாமல், மல்லாந்து படுத்து வானத்தைப் பார்க்கச் சொல்லி, மூச்சு சீரான பிறகு போகச் சொன்னாராம். தோழர் நேரத்துக்குள் கரையேறினார். இன்னொருவர் பாதிக்கு மேல் வந்த நிலையில் நேரம் கடந்துவிட்டதால் படகில் ஏற்றப்பட்டார். ஏற்றியவர்கள் அவரை அவமதிக்காமல், துண்டு போர்த்தித் தண்ணீர் கொடுத்து, இதே ஊருக்கு மறுபடி வாருங்கள் என்று அழைத்ததை அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த இருவர் சார்பிலும், பெயர் தெரியாத அந்த இளைஞர்களுக்கு எங்கள் நன்றி.

வீட்டாருக்கு என்ன எழுதுவது? அதிகாலை அலாரத்தையும், குளியலறையில் சொட்டும் ஈரத் துணிகளையும், நீச்சலைத் தவிர வேறு பேச்சில்லாத இரவு உணவுகளையும் பொறுத்துக்கொண்டார்கள். நேரில் சொல்லிக்கொள்கிறோம்.

அடுத்த பருவத்துக்குப் பயிற்சியைத் தொடங்க விரும்பும் புதியவர்களுக்காக, எங்களிடமிருந்த மிதவைப் பைகளையும் விசில்களையும் கோவளத்தில் அண்ணன் வீட்டில் ஒப்படைத்திருக்கிறோம். வாடகை கிடையாது; கழுவி உலர்த்தித் திருப்பித் தந்தால் போதும். பயிற்றுநர் அம்மையாரின் மூன்று நிபந்தனைகளையும் நிறைவேற்றியதாக அவர் கையெழுத்திட்ட சீட்டு இல்லாதவர்களுக்குப் பை தரப்பட மாட்டாது என்பது அண்ணனும் அம்மையாரும் தொலைபேசியில் பேசி, எங்களைக் கேட்காமலேயே எடுத்த முடிவு. வடகிழக்குப் பருவமழை முடியும் வரை அண்ணன் யாரையும் கடலில் இறக்க மாட்டார். தை பிறந்த பிறகு வருபவர்கள் முந்தைய நாள் மாலையே அவரிடம் கேட்டுக்கொண்டு புறப்படவும்.

நன்றியுடன்,
கோவளத்தில் நீந்தப் பழகிய சென்னை நண்பர்கள்